முத்து, உனக்கு மறுத்ததை நான் செய்துகொண்டேன்

என் தங்கச்சி முத்துவுக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் உண்மையை எழுத வேண்டும், அதனால்தான் எழுதவில்லை. இதை நம் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கொடுக்கப்போகிறேன். தாராவியிலும் செம்பூரிலும் நம்மைத் தெரிந்த எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்கள் முன்னால் சொன்ன பொய்யை அவர்கள் முன்னால்தான் திருத்த வேண்டும் என்று உன் மகள் ரேவதி சொல்லிவிட்டாள்.

நம்மைத் தெரியாத யாராவது படித்தால், அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் மும்பையில், செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து வருவது என் வேலை. நீ மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாய். ரேவதிக்கு ஆறு வயதாகும்போதே உன் வீட்டுக்காரர் இறந்துபோனார். அதற்குப் பிறகு உன் வீட்டில் எது என்றாலும், "அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பாய். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

நாம் இரண்டு பேருமே அப்பாவின் உடம்போடு பிறந்தவர்கள். நான் நூற்றுப் பத்து கிலோவைத் தாண்டியிருந்தேன். நீயும் கிட்டத்தட்ட அதே. என்னைப் பார்த்தவர்கள், "அண்ணாச்சி நல்ல வாட்டசாட்டமா இருக்காரு" என்றார்கள். உன்னைப் பார்த்து என்னென்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும். அதில் பாதியைச் சொன்னவன் நான்.

செம்பூரில் நடந்த அந்தக் கல்யாணச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா? பாயசம் கொண்டுவந்தவரிடம், நீ வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கு வைக்காதீங்க, சுகர்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ இலையைப் பார்த்தபடியே சிரித்தாய். எனக்கும் சுகர் இருந்தது முத்து. நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

உன் ரத்தத்தை நான்தான் எடுப்பேன். ரிப்போர்ட்டையும் நான்தான் கொண்டுவருவேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு, ட்ரைகிளிசரைடு, கெட்ட கொழுப்பு என்று மேலே ஏறியிருந்ததையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு உன் வீட்டு ஃபிரிஜ் கதவில் ஒட்டினேன். அந்த எண்கள் உன் இதயத்தை என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு நோயாக உனக்குச் சொல்லவில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளைக்கு மார்க்கைக் காட்டுவதுபோலக் காட்டினேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு காகிதத்தோடு வந்தாய். மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"அண்ணே, அந்த டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணிக்கிடலாம்னு சொல்லுதாங்க. இரைப்பையைச் சின்னதாக்கிருவாங்களாம். எடை மட்டும் இல்லையாம், பிரஷரு, சுகரு, கொழுப்பு எல்லாமே இறங்குமாம். ஹார்ட்டுக்கு அதுதான் நல்லதுங்காங்க. செலவை ஏதோ ட்ரஸ்ட் பாத்துக்கிடுமாம். வீட்டாளு ஒருத்தர் கூட வந்து கையெழுத்துப் போடணுமாம்."

நான் சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏளா, உனக்கென்ன கிறுக்கா? வாயைக் கட்ட முடியாம வயித்தை அறுத்துக்கிட்டான்னு ஊரே சிரிக்கும். நாளைக்கு ரேவதிக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா? ரெண்டு மாசம் ராத்திரிச் சோத்தை விடு, தினம் நட. எல்லாம் தன்னால சரியாப் போவும்."

"நடக்காமலா இருக்கேன்ணே? பசி அடங்கவே மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

"பசி எல்லாருக்கும்தான் இருக்கு."

இதுதான் நான் சொன்னது, வார்த்தை மாறாமல். கை கழுவிவிட்டு வந்து, அந்தக் காகிதத்தை உன் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். நீ திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை முத்து? என்மேல் கோபமே வரவில்லையா? வந்தும், அண்ணன் என்று விழுங்கிக்கொண்டாயா?

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர்கள், 'பாவம், அந்த ஆளுக்குத் தெரியவில்லை' என்று நினைக்கக்கூடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டுக்கு நான் வழக்கமாக ரத்தம் எடுக்கப் போவேன். உன்னைவிடப் பத்து வயது மூத்தவர், உன்னைவிடப் பருமன். உன் காகிதத்தை நான் வாங்கி வைத்த சில மாதங்களில் அவருக்கு அதே ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் எடுத்த ரத்தமும் நான் எடுத்ததுதான், பின்னால் எடுத்ததும் நான் எடுத்ததுதான். எடை குறைந்து முடிவதற்கு முன்பே சர்க்கரை இறங்க ஆரம்பித்திருந்தது. ட்ரைகிளிசரைடு பாதிக்கு வந்திருந்தது. பிரஷர் மாத்திரையை டாக்டர் குறைத்துவிட்டார்.

மாமி சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து வந்து கேட்டார்: "என்னப்பா, அப்படியே பாத்துண்டு நிக்கறே? உங்காத்துல யாருக்காவது பண்ணணுமா? டாக்டர் நம்பர் தரட்டுமா?"

"இல்ல மாமி, யாருக்கும் இல்ல" என்றேன்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்பில் உனக்கென்று தனியாகக் கோதுமை ரவை கிளறிக்கொண்டிருந்தாய். சொல்லியிருக்கலாம். 'நான் சொன்னது தப்புளா, கிளம்பு, போய்ப் பார்ப்போம்' என்று ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. நான் சொன்னதை நானே மாற்றுவதா என்றிருந்தது. காபி குடித்துவிட்டுப் போய்விட்டேன்.

நீ நிஜமாகவே முயன்றாய். பட்டினி கிடந்தாய், பத்து கிலோ குறைந்தாய், பன்னிரண்டு கிலோ திரும்பி வந்தது. அப்போதும் நான்தான், "ஒளிச்சு ஒளிச்சுத் திங்கியோ?" என்று கேட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்துப் படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாய். கூட வந்த டீச்சர் தண்ணீர் வாங்கி வருவதற்குள் சாய்ந்துவிட்டாய். நாற்பத்து மூன்று வயது. எனக்கு போன் வந்தபோது நான் செம்பூரில் யாரோ ஒருவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள், "உடம்பைக் கவனிக்காம விட்டுட்டா" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அதை உன் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்து, இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கூசுகிறது.

நீ போய் மூன்று வருஷம் கழித்து, ஒரு வீட்டு மாடிப்படியில் எனக்கு நெஞ்சை அழுத்தியது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பெரிய அடைப்பு இல்லை. ஆனால் உனக்கு இருந்ததெல்லாம் எனக்கும் இருந்தது. ஏறிய சர்க்கரை, ஏறிய பிரஷர், கல்லீரலில் கொழுப்பு. உடம்புக்குள் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைக் காட்டும் ஒரு பரிசோதனை உண்டு, அதுவும் ஏறியிருந்தது. டாக்டர் அதே ஆபரேஷனைச் சொன்னார். நான் எத்தனை நாள் யோசித்தேன் தெரியுமா? ஒரு நாள்கூட இல்லை. அங்கேயே சரி என்றேன்.

உன் மதினி சாந்தி ஆட்டோவில் வரும்போது என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "முத்துக்கு வேண்டாம்னு சொன்னீங்களே?"

நான் டிரைவரிடம், "பாய், அடுத்த சிக்னல்ல லெஃப்ட்" என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு இளம் டாக்டர் வந்து கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டாள். குடும்பத்தில் யாராவது இதய நோயால் இறந்திருக்கிறார்களா? தங்கச்சி என்றேன். அவங்க வைத்தியம் எதுவும் பார்த்தாங்களா? "இல்ல டாக்டர், அவ டாக்டர்கிட்ட போகவே மாட்டா" என்றேன். செத்தவள்மேல் பொய் சொன்னேன். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போது கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

வெளியில் எல்லோரிடமும் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொன்னோம். ஒரு மாதத்தில் என் சட்டைகள் தொங்க ஆரம்பித்தன. மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரை நின்றது. பிரஷர் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. ட்ரைகிளிசரைடு சரிந்தது, நல்ல கொழுப்பு மெல்ல ஏறியது, அந்த அழற்சி எண் இறங்கியது. கெட்ட கொழுப்புக்கு மட்டும் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். முடி கொட்டியது. சத்து மாத்திரையை ஆயுசுக்கும் விட முடியாது. மந்திரம் ஒன்றுமில்லை, கவனமில்லாமல் இருந்தால் எடையும் எண்களும் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் முத்து, எண்களைவிட என்னை அடித்துப்போட்டது வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குப் பசிக்கவில்லை. நாலு ஸ்பூன் சாப்பிட்டதும் போதும் என்றிருந்தது. நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தட்டை நானாகத் தள்ளி வைத்தேன். டாக்டரிடம் சொன்னபோது, "வயித்துல சுரக்கிற பசி ஹார்மோனே குறைஞ்சிடும். அது உங்க மன உறுதி இல்ல, உடம்போட வேலை" என்றார். அப்படியானால் நீ சொன்னாயே, பசி அடங்கவே மாட்டேங்கு என்று, அதுவும் உடம்பின் வேலைதானே? நீ என்னிடம் வந்து சொன்னது ஒரு நோயாளி சொல்கிற அறிகுறி. நான் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? "எப்படி அண்ணாச்சி இவ்வளவு இளைச்சீங்க?" என்று கேட்டவர்களிடம், "காலையில ஒரு மணி நேர நடை, ரெண்டு வேளை கம்பங்கூழ், அம்புட்டுதான்" என்றேன். முதல் தடவை வாய் தவறித்தான் வந்தது. இரண்டாவது தடவை ருசியாக இருந்தது. சங்கத்து விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன்: "மனசுல உறுதி வேணும். வாயைக் கட்டினா எல்லாம் கட்டுப்படும். எந் தங்கச்சி அதைச் செய்யாமத்தான் போய்ச் சேந்தா."

ஆமாம் முத்து. அதையும் சொன்னேன். கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் ரேவதி உட்கார்ந்திருந்தாள்.

உன் மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. நெருளில் ஒரு கம்பெனியில் வேலை. சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு. உடம்பும் அப்படியே. விழா நடந்த சமயத்திலேயே அவளுக்குப் பிரஷர் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அந்த விழாவுக்குப் பிறகு அவள் என்னிடம் வந்து கூழ் எவ்வளவு, நடை எவ்வளவு என்று போனில் குறித்துக்கொண்டு போனாள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஏழு வாரம் அவள் அதையே செய்திருக்கிறாள். இரண்டு வேளைக் கூழை ஒரு வேளையாக்கி, அதையும் பாதியாக்கி. ஒரு நாள் காலை நெருள் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆபீஸ் தோழி போன் பண்ணினாள். ஸ்டேஷன், விழுந்துவிட்டாள் என்கிற வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு உன் பாலம்தான் தெரிந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

கட்டிலில் கிடந்தாள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் தையல். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"ஸாரி மாமா. உங்களுக்கு இருக்கிற வில்பவர் எனக்கு இல்ல. பசி தாங்க முடியல மாமா. நான் அம்மா மாதிரியே ஆயிட்டேன்."

சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். அஞ்சு சின்னத் தழும்புகள்.

"இது ஹெர்னியா இல்லம்மா. இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன். கூழும் இல்ல, நடையும் இல்ல. எல்லாம் பொய்."

அவள் அழுகையை நிறுத்தினாள். தழும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

"சச் சொல்லுங்க மாமா, உண்மையைச் சொல்லுங்க. அம்மாக்கு இது தெரியுமா?"

தெரியும் என்றேன். காகிதத்தோடு வந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொன்னேன். மாட்டுங்கா மாமியைச் சொன்னேன். அந்தக் காகிதம் இன்னும் என் அலமாரியில் இருப்பதைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வெளிய போங்க மாமா" என்றாள்.

இரண்டு மாதம் பேசவில்லை. சாந்தி சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள். நான் போனால் கதவு திறக்காது. ஒரு நாள் அவளே வந்தாள், உட்காராமல் நின்றபடி சொன்னாள். இதய டாக்டரையும் ஆபரேஷன் டாக்டரையும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டாளாம். பிரஷரும் ஆரம்பச் சர்க்கரையும் இருப்பதால் அவளுக்கு அது பொருந்தும் என்றார்களாம். எல்லாம் விசாரித்துவிட்டாள், ஆபத்து என்ன, வாழ்நாள் முழுக்க என்ன கவனிக்க வேண்டும் என்பதுவரை.

"கையெழுத்துக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"என் கையெழுத்தை நான் போட்டுக்கிறேன். கூட ஒரு ஆள் வேணும்னா சாந்தி மாமி வரட்டும். நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. டாக்டர் வந்து சொன்னா கேட்டுக்கோங்க, நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அப்படியே செய்தேன் முத்து. காலையிலிருந்து மத்தியானம்வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நல்லபடியாக முடிந்தது.

இப்போது நாலு மாதமாகிறது. சென்ற வாரம் அவள் ரிப்போர்ட் வந்தது. ரத்தம் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை, வேறு லேபில் கொடுத்திருந்தாள். போனில் திறந்து என் முன்னால் நீட்டினாள். சர்க்கரை எல்லைக்குள் வந்துவிட்டது. ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

"அம்மா ரிப்போர்ட் இப்படி வந்திருக்கணும் மாமா" என்றாள்.

நான் டாக்டரிடம் ஒரு முறை கேட்டிருக்கிறேன். என் தங்கச்சிக்குச் செய்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று. "நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. வாய்ப்பு கூடியிருக்கும்" என்றார். அந்த வாய்ப்பை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டவன் நான். டாக்டர் சொன்ன இந்தப் பதிலை ரேவதியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் இந்தக் கடிதத்தை நேற்று நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் எழுதியதில், 'அறியாமையால் நான் செய்த பிழை' என்று ஒரு வரி இருந்தது. அந்த இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அறியாமையா? நீங்க லேப்லதானே மாமா வேலை பாக்குறீங்க? அதை அடிச்சிடுங்க."

அடித்துவிட்டேன் முத்து. முழுவதும் கேட்ட பிறகு, "மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன். "தெரியல மாமா. இன்னும் இல்லன்னுதான் தோணுது" என்றாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை வரேன், மாமிகிட்ட சொல்லுங்க" என்றாள். உன் மகள் உன்னைவிடத் தைரியசாலி. இல்லை, உன் தைரியத்தை மடக்கிப் போட ஒரு அண்ணன் இருந்தான், அவளுக்கு இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொடுக்க நீ இல்லாத இடத்தில் கேட்பது சுலபம். ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி என்னிடம் யார் கேட்டாலும், மேடையோ வாசலோ, சட்டையைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொல்வேன். உன் பெயரைச் சொல்வேன், நீ டாக்டரிடம் போனாய் என்று சொல்வேன், நான் தடுத்தேன் என்று சொல்வேன். ரத்தம் எடுக்கப் போகும் வீட்டில் யாராவது, "பசி அடங்க மாட்டேங்கு" என்று சொன்னால், ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன்.

உன் பேச்சை ஒரு முறையாவது முழுசாகக் கேட்டிருக்க வேண்டிய
உன் அண்ணன்